வாங்க மறுத்த பெட்டி

— அதெல்லாம் அப்புறம் அண்ணி. அந்தம்மா உயிரோட இருக்காங்களா இல்லையா, அத மட்டும் ஒரே வார்த்தையில சொல்லிடுங்க.

— இருக்கா.

— நெஜமாவா?

— பிரசவ வார்டுக்குத் தலைமை நர்ஸா இருக்கறவ இதுல போய் விளையாடுவாளா? இருக்கா. குழந்தையும் இருக்கு. பொண்ணு. பொறந்ததுல இருந்து வாயே மூடல, வார்டையே ரெண்டாக்கிட்டு இருக்கா. இப்ப இந்த ட்ராலிய அந்தப் பக்கம் புடி. சக்கரம் உன் ஸ்டோர் வாசப்படியில மாட்டிக்கிட்டு வரமாட்டேங்குது.

— ஒரு நிமிஷம் அண்ணி. ஒரே ஒரு நிமிஷம் உக்காந்துக்கறேன்.

— உக்காரு, உக்காரு. தண்ணியாவது குடிச்சியா?

— இல்ல. அந்த ஐஸ் பெட்டிய உங்க கையில குடுத்துட்டு வந்ததுல இருந்து இந்த நாற்காலியிலதான் இருக்கேன். மேல வரலாம்னு எழுந்து எழுந்து பாத்தேன், தைரியம் வரல. வார்டுக்குப் போன் போட்டேன், யாரும் எடுக்கல.

— எடுக்கறதுக்கு அங்க யாருக்குக் கை சும்மா இருந்துச்சு? இந்தா, குடி. மெதுவா. மூக்குல ஏத்திக்காத.

— நான் என்ன நெனச்சிட்டேன்னா... வேண்டாம், விடுங்க.

— என்ன நெனச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதா? காலையில இதே வாசல்ல நின்னு நான் கத்தினது காதுல ஓடிக்கிட்டே இருந்திருக்கும்.

— ‘இன்னிக்கு மேல வார்டுல ஒரு உயிர் போச்சுன்னா அது உன் கணக்குல’ன்னு சொன்னீங்க.

— சொன்னேன்.

— எல்லார் முன்னாடியும்.

— எல்லார் முன்னாடியும்தான் சொன்னேன். இப்ப எல்லார் முன்னாடியும் வேற ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கேன். அதக் கேக்கறதுக்கு நீ மேல இருந்திருக்கணும்.

— என்ன சொன்னீங்க?

— முதல்ல ட்ராலி. தூக்கு... ஆங், அப்படித்தான். வந்துடுச்சு.

— என்ன அண்ணி இது, இவ்வளவு கனமா? மேல போர்வை வேற போத்தி மூடியிருக்கு. பாக்கறவங்க வேற என்னமோன்னு நெனச்சுக்கப் போறாங்க.

— நெனச்சாங்களே! லிஃப்ட்ல ஒரு பெரியவரு ஓரமா ஒதுங்கி, தலையக் குனிஞ்சுக்கிட்டு, ‘என்ன வயசு’ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? போர்வைய எடுத்துட்டு நீயே பாரு.

— அண்ணி...

— ம்.

— கையுறை. இத்தன பெட்டி கையுறையா! போன மாசம் கண் வார்டுல கையுறை இல்லாம ஆபரேஷனையே தள்ளி வெச்சாங்க அண்ணி! நான் ஊரெல்லாம் போன் போட்டுக் கெஞ்சிக்கிட்டு இருந்தேன்!

— கத்தாத. இன்னும் இருக்கு அடியில.

— தையல் நூல். குளுக்கோஸ் ஏத்தற குழாய். பஞ்சு, பஞ்சு, பஞ்சு... இதெல்லாம் எங்க இருந்துச்சு? உங்க வார்டுல ஒவ்வொரு அலமாரியா நானே தொறந்து பாத்தேனே!

— அலமாரியில இருந்தாத்தானே நீ பாப்ப? கெட்டுப்போன எடை மெஷின் ஒண்ணு மூலையில நிக்குதே, அதோட வயித்துக்குள்ள கையுறை. நூலெல்லாம் கிழிஞ்ச திரைத்துணி போட்டு வைக்கற பெட்டியில. குழாய் எல்லாம் என் ரூம்ல, பழைய ஃபைலுக்குப் பின்னாடி. அந்த ஃபைல ஒரு ஈ காக்கா தொடாது.

— வீட்டுல பிஸ்கட் டப்பாவத் தையல் மெஷினுக்குள்ள ஒளிச்சு வைக்கறவங்கதானே நீங்க. நான் யோசிச்சிருக்கணும்.

— அடப்பாவி, அதையும் கண்டுபுடிச்சிட்டியா?

— அண்ணனுக்கும் தெரியும்.

— அவருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். தேடி எடுக்கற நேரத்துலயாவது கொஞ்சம் கம்மியாத் திம்பாருன்னுதான்.

— அண்ணி, ஒண்ணு கவனிச்சீங்களா?

— என்ன?

— நாம பேசிக்கிட்டிருக்கோம்.

— பேசாம என்ன, கையில சைகையா காட்டறேன்?

— இல்ல, உங்க வார்டு அலமாரியக் காலி பண்ணதுல இருந்து, காலையில திட்டினதத் தவிர, நீங்க என்கிட்ட நேரா ஒரு வார்த்த பேசல. சாப்பிடற மேசையில எதிர்ல நான் உக்காந்திருப்பேன். நீங்க அண்ணன்கிட்ட, ‘உங்க தம்பிக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளுங்க’ம்பீங்க.

— நீ மட்டும் என்ன? ‘வேண்டாம்னு சொல்லிடுண்ணா’ம்ப. நடுவுல அந்த மனுஷனுக்குத் தபால்காரர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்துல சுளுக்கே வந்துடுச்சு.

— சிரிக்காதீங்க அண்ணி. எனக்கு நெஜமாவே கஷ்டமா இருந்துச்சு.

— எனக்கு இல்லாமலா? நான் கஷ்டப்பட்டுக் கட்டிக் காத்த வார்டு. நீ ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வந்து, போலீஸ் சோதனை போடற மாதிரி ஒவ்வொண்ணா வெளிய எடுத்துப் போட்ட. என்கிட்ட வேல பாக்கற பொண்ணுங்க எல்லாம் பாத்துக்கிட்டு நிக்குதுங்க. சொந்தக் கொழுந்தன், அண்ணி வார்டுன்னுகூடப் பாக்கல.

— அண்ணி வார்டுன்னுதான் அங்க முதல்ல வந்தேன். உங்க வார்ட விட்டுட்டு அடுத்த வார்டுக்குப் போயிருந்தா யாராவது என்ன மதிப்பாங்களா?

— அது இப்பப் புரியுது. அன்னிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நீ ஒண்ணு யோசிச்சுப் பாரு தம்பி. ஒளிச்சு வைக்கறது எங்களுக்கு என்ன ஆசையா? நீ இங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ஸ்டோர் எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னாடி ஒரு முகம். எதக் கேட்டாலும் ‘இல்ல, நாளைக்கு வா.’ மேல ஒருத்தி வலியில துடிச்சுக்கிட்டிருப்பா, இங்க கீழ ‘நாளைக்கு வா.’ அப்படி ஓடி ஓடித் திரும்பினவளுக்கு, கைக்குக் கெடைச்சத எடுத்துப் பத்திரப்படுத்தத்தான் தோணும்.

— தோணும். நான் இல்லைங்கல. ஆனா நீங்க ஒளிச்சு வெச்சீங்க, உங்களப் பாத்துக் கண் வார்டு ஒளிச்சு வெச்சாங்க, அவங்களப் பாத்து எலும்பு வார்டு. அதாவது அண்ணி, ஆஸ்பத்திரி முழுக்கச் சாமான் இருக்கு, ஆனா யாரு கேட்டாலும் இல்ல. நான் என்ன வாங்கறது, எவ்வளவு வாங்கறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதனாலதான் அந்த ரெண்டு பெட்டி ஏற்பாடு.

— ஆமா சாமி, உன் ரெண்டு பெட்டி. மஞ்சப் பெட்டி முன்னாடி, நீலப் பெட்டி பின்னாடி. மஞ்சப் பெட்டி காலியானா கீழ அனுப்பு, நீலப் பெட்டியில இருந்து எடுத்துக்க, விடியறதுக்குள்ள மஞ்சப் பெட்டி ரொம்பி வந்துடும். ‘ஸ்கூல் பிள்ளைங்க டிபன் பாக்ஸா’ன்னு நான்கூடக் கேலி பண்ணேன்.

— வந்துச்சா இல்லையா?

— வந்துச்சு. நானும் எப்படா வராம போகும்னு காத்துக்கிட்டேதான் இருந்தேன். வந்துச்சு. அதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

— இன்னிக்குக் காலையில வரல.

— ஆமா, இன்னிக்கு வரல. அதுக்குத்தான் வர்றேன். நான் வந்து கத்தறதுக்கு முன்னாடி இங்க என்னதான் நடந்துச்சு? மேல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீ வேணும்னே வீம்புக்கு மருந்த வாங்கலன்னுகூடச் சொன்னாங்க. உன் வாயால சொல்லு.

— வீம்பா? அண்ணி, நேத்து உங்க வார்டுல பிரசவம் மேல பிரசவம். ரத்தம் நிக்கறதுக்குப் போடற ஊசி மருந்து, உங்க வார்டு ஃபிரிட்ஜ்ல மஞ்சப் பெட்டியும் காலி, நீலப் பெட்டியும் காலி. என் ஃபிரிட்ஜ்ல மிச்சம் வெச்சிருந்ததையும் விடியக்காலையில ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துக் குடுத்தாச்சு. பரவாயில்ல, காலையில கம்பெனி வேன் வந்துடும்னு நம்பிக்கிட்டிருந்தேன்.

— வேன் வந்துச்சே.

— எப்ப வந்துச்சு? வர வேண்டிய நேரத்துக்கு வரல. போன் போட்டா டிரைவர் எடுக்கல. அப்புறம் புயல் மாதிரி வந்து, ஆம்புலன்ஸ் நிக்கற எடத்துல குறுக்க நிறுத்திட்டு, பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றான். சட்டை எல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. ‘சீக்கிரம் வாங்கிக்குங்க சார், எனக்குப் போகணும்’ங்கறான். பெட்டியத் தொட்டேன் அண்ணி. குளிர்ச்சியே இல்ல. தொறந்தா ஐஸ் எல்லாம் தண்ணி. உள்ள ஒரு பட்டை ஒட்டியிருப்பாங்க, மருந்து சூடாயிட்டா நிறம் மாறிடும்...

— தெரியும். தடுப்பூசி மேலயும் ஒட்டியிருக்குமே.

— அதேதான். கருத்துப் போய் இருந்துச்சு. ‘வண்டிய எங்கப்பா நிறுத்தின?’ன்னு கேட்டேன். வாயத் தொறக்கல. ‘வண்டி ஃபிரிட்ஜ் ரிப்பேரா?’ன்னேன். இல்லைங்கறான். ‘அப்ப இஞ்சின நிறுத்திப் போட்டுட்டு எங்க போன?’ மூஞ்சியக்கூட நிமிர்த்தல. ‘வாங்கிக்குங்க சார், என் வேல போயிடும்’கறான். முடியாதுன்னுட்டேன். பெட்டிய மூடி, சிவப்பு டேப் ஒட்டி ஓரமா வெச்சுட்டேன்.

— அப்பத்தான் நான் வந்தேன்.

— நீங்களும் பெரிய டாக்டரம்மாவும். நீங்க, ‘மருந்து கண்ணு முன்னாடி இருக்கு, குடுக்க மாட்டேங்கறியே’ன்னீங்க. அவங்க, ‘கொஞ்சம் சூடானா என்ன, ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல் இல்லையா’ன்னாங்க. அண்ணி, எனக்கும் அந்த நிமிஷம் ஆட்டம் கண்டுடுச்சு. குடுத்துடலாமான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. தப்பு எம்மேல வராது பாருங்க, கம்பெனி மருந்து, டாக்டர் கேட்டாங்க, நான் குடுத்தேன்.

— அப்புறம் ஏன் குடுக்கல?

— குடுத்தா நீங்க அத நம்பிப் போடுவீங்க. போட்டாச்சுன்னு நெனச்சுக்கிட்டுக் காத்திருப்பீங்க. ஒண்ணும் இல்லன்னா வேற வழி தேடுவீங்க. தண்ணிய மருந்துன்னு நம்பினா வேற வழி தேடக்கூடத் தோணாது.

— ம்.

— என்ன அண்ணி?

— ஒண்ணுமில்ல. மேல சொல்லு.

— மேல என்ன, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அங்க ஸ்டோர் பாக்கறாங்களே ஒரு அம்மா, அவங்களுக்கு நாம முன்ன ஒருவாட்டி குளுக்கோஸ் பாட்டில் குடுத்து ஒதவினோம்.

— நம்ம வீட்டுச் சாமான எடுத்து எதிரி வீட்டுக்குக் குடுக்கறியான்னு அதுக்கும் உன்னத் திட்டினேன் நான்.

— திட்டினீங்க. அண்ணன் மூலமா.

— ஆமா, தபால்ல.

— அந்தம்மா ஒரு கேள்வி கேக்கல அண்ணி. ‘எவ்வளவு வேணும்’னு மட்டும் கேட்டாங்க. பாலத்து மேல வண்டியெல்லாம் முட்டிக்கிட்டு நிக்குதுன்னு, யாரையும் அனுப்பாம அவங்களே ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு, ஐஸ் பெட்டியக் காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு வண்டிங்க சந்துல பூந்து பூந்து வந்துட்டாங்க. வாசல்ல ஹெல்மெட்டக்கூடக் கழட்டல. பட்டை வெள்ள வெளேர்னு இருந்துச்சு. வாங்கி உங்க கையில குடுத்தேன். நீங்க என்னப் பாக்கவே இல்ல. கதவச் சாத்திட்டீங்க. உங்க கை ரெண்டும் முழங்கை வரைக்கும் செவப்பா இருந்துச்சு. அதோட நான் இங்க வந்தவன்தான்.

— இப்ப நான் சொல்றேன், கேளு. அந்தப் பொண்ணு வந்தப்பவே வலி முத்திப் போச்சு. வந்து படுத்தா, குழந்தை வெளிய. நல்ல குழந்தை. நாங்க எல்லாம் சிரிக்கறோம். அப்பப் பாத்தா ரத்தம். நிக்கல. வயித்துல கை வெச்சா, கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகியிருக்கணும். இது ஊறின பஞ்சு மாதிரி குழையுது. ரெண்டு நர்சுங்க மாத்தி மாத்தி அமுக்கறாங்க. டாக்டரம்மா, ‘ஊசி, ஊசி’ன்னு கத்தறாங்க. ரெண்டு பெட்டியும் காலி.

— ஐயோ.

— நான் பதறவே இல்ல தம்பி. ஏன்னா எனக்குத் தெரியும், என்கிட்ட இருக்கு. நீ வந்து கொடைஞ்சு பாத்தப்ப உன் கண்ணுல படாம தப்பிச்சது. போர்வை அடுக்கற அலமாரியில, கடைசித் தட்டுல, ஒரு துணியில சுத்தி நெறைய வெச்சிருந்தேன். தேதிகூட முடியல. மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், ‘பாத்தியாடா கொழுந்தா, இப்ப யாரு ஜெயிச்சது’ன்னு. அப்படியே சொல்லிக்கிட்டேதான் எடுத்தேன்.

— அண்ணி, அந்த அலமாரி... அதுக்குப் பின்பக்கச் செவுத்துலதானே கொதிக்க வைக்கற மெஷின் இருக்கு? கத்தி கத்திரி எல்லாம் வேக வைக்கற ரூம்?

— ஆமா. அந்தச் செவுறு எப்பவும் கதகதன்னு இருக்கும். மழை நாள்ல நாங்க அதுல சாஞ்சுக்கிட்டு நிப்போம். அதெல்லாம் அப்ப எனக்குத் தோணல. ஒண்ணு போட்டேன். காத்திருந்தேன். பஞ்சு மாதிரியேதான் இருக்கு. இன்னொண்ணு போட்டேன். ஒண்ணுமே ஆகல. அந்தப் பொண்ணு உதடு வெளுத்துடுச்சு. என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘எனக்குக் குளிருது சிஸ்டர்’ங்கறா. அப்பத்தான் தம்பி எனக்கு உறைச்சுது. காலையில நீ ஓரமா எடுத்து வெச்ச பெட்டிக்கும், என் துணி மூட்டைக்கும் என்ன வித்தியாசம்? ஒண்ணும் இல்ல. ரெண்டும் தண்ணி. நான் இத்தன நாளா, போத்திப் போத்திப் பாதுகாத்து வெச்சதெல்லாம் வெறும் தண்ணி.

— அண்ணி, அழாதீங்க.

— அழல. வேர்வை. அந்த நேரத்துலதான் கதவத் தட்டின. நான் உன்னப் பாக்கலன்னு சொல்றியே, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்னப் பாப்பேன்? பெட்டிய வாங்கினேன். கை வெச்சதும் ஜில்லுனு இருந்துச்சு. அந்த ஜில்லுப்பு இன்னும் உள்ளங்கையில இருக்கு. போட்டேன். வயித்துல கை வெச்சபடியே நிக்கறேன். டாக்டரம்மாவும் நானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறோம். அப்புறம் என் கைக்கு அடியில, மெதுவா... உருண்டு, திரண்டு... இறுகிச்சு தம்பி. கல்லு. நல்ல கருங்கல்லு. எத்தன பிரசவம் பாத்திருக்கேன், இன்னிக்கு மாதிரி அந்தக் கல்லு என்னக் கும்மாளம் போட வெச்சதே இல்ல. ரத்தம் அப்படியே கொறைஞ்சு, சொட்டாகி, நின்னுடுச்சு.

— அப்பாடா.

— ஆமா, அப்பாடாதான். வார்டே அப்பாடான்னுச்சு. டாக்டரம்மா ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டாங்க. அப்புறம் என்னப் பாத்து, ‘சிஸ்டர், முதல்ல போட்ட ஊசி எங்க இருந்து வந்துச்சு’ன்னு கேட்டாங்க. நான் மறைக்கல. எல்லாப் பொண்ணுங்களையும் வெச்சுக்கிட்டே சொன்னேன். ‘இன்னிக்கு ஒருத்தி பொழச்சிருக்கான்னா, அது என் கொழுந்தன் கீழ நின்னு முடியாதுன்னு சொன்னதால. நான் முடியும்னு நெனச்சது எல்லாம் இந்தத் துணி மூட்டையில இருக்கு’ன்னு. சொல்லிட்டு நேராப் போய் எடை மெஷினத் திருகித் தொறந்தேன்.

— டாக்டரம்மா என்ன சொன்னாங்க?

— ஸ்டூல விட்டு எழுந்தாங்க. அப்புறம், ‘என் மேசைக்கு அடியிலயும் கொஞ்சம் இருக்கு, அதையும் ட்ராலியில ஏத்திக்குங்க’ன்னாங்க.

— ஹா!

— சிரி, சிரி. ட்ராலியில அடியில கெடக்குதே ஒரு அட்டப்பெட்டி, அது அவங்களோடதுதான். உன்ன டீ குடிக்கக் கூப்பிட்டாங்க. காலையில பேசினத மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க.

— மனசுலயா? இப்ப என் மனசுல ஒண்ணுமே இல்ல அண்ணி. காத்தாடி மாதிரி இருக்கு. அந்தம்மாவுக்கு ரத்தம் ஏத்தறாங்களா?

— ஏறிக்கிட்டிருக்கு. கன்னத்துல நிறம் திரும்பிடுச்சு. குழந்தைய மார்மேல போட்டோம். அதுக்கு அவ்வளவு முடி! ‘யாரு மாதிரி இருக்கு’ன்னு கேக்கறா. பொழச்சுட்டான்னு அப்பத்தான் எனக்கே நம்பிக்க வந்துச்சு. சாகப் போறவ யாராவது யாரு ஜாடைன்னு கேப்பாளா?

— நல்லா இருக்கட்டும். அண்ணி, இதெல்லாம் நான் நாளைக்குப் பிரிச்சு அடுக்கிடறேன். கையுறைய முதல்ல கண் வார்டுக்கு அனுப்பணும். அப்புறம் அந்த டிரைவர் சமாச்சாரம் ஒண்ணு பாக்கி இருக்கு.

— என்ன பாக்கி?

— என்ன பாக்கியா? ஒரு உயிர் போகப் பாத்துச்சு அண்ணி. வண்டி வழியில எங்கயோ நின்னிருக்கு. ரொம்ப நேரம், வெயில்ல, இஞ்சின் ஓடாம. மருந்து வண்டி ஓட்டறவனுக்கு இதுகூடத் தெரியாதா? கேட்டா ஊமை மாதிரி நிக்கறான். அதவிடக் கூத்து, வண்டிய ஆம்புலன்ஸ் எடத்துலயே போட்டுட்டு ஆளக் காணோம். எங்கயாவது நிழல்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருப்பான்.

— கம்பெனிக்குப் போன் போட்டுட்டியா?

— போட்டேன். முதலாளி வெளிய போயிருக்காரு, வந்ததும் கூப்பிடச் சொல்றோம்னாங்க.

— அப்ப இன்னும் ஒண்ணும் சொல்லல.

— சொல்லல. ஆனா சொல்லத்தான் போறேன். ஏன் ஒரு மாதிரி கேக்கறீங்க?

— தம்பி, நீ வந்து அந்தப் பொண்ண ஒருவாட்டி பாத்துட்டுப் போயேன்.

— நானா? நான் எதுக்கு அண்ணி? அவங்களுக்கு என்ன யாருன்னே தெரியாது.

— சும்மா வந்து பாரேன். அந்த வண்டிப் பேச்ச அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்.

— நீங்க என்னமோ மறைக்கறீங்க. பிஸ்கட் டப்பா இருக்கற எடத்த மறைக்கறப்ப இதே மூஞ்சிதான் வெப்பீங்க.

— கீழ எறங்கி வர்றப்பவே சொல்லிடணும்னுதான் வந்தேன். நீ அரண்டு போய் உக்காந்திருந்த. அப்புறம் பேச்சு பேச்சா இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. முதல்ல உன் கோவம் கொஞ்சம் எறங்கட்டும்னும் பாத்தேன்.

— ஒரு நிமிஷம் அண்ணி, போன் அடிக்குது. அவங்கதான். இந்த ஆள இனிமே மருந்து வண்டிப் பக்கமே விடக் கூடாதுன்னு நாலு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்.

— எடுக்காத.

— ஏன்?

— எடுக்காதன்னா எடுக்காத தம்பி. அடிச்சு ஓயட்டும். அந்த ஆளு டீக்கடையில இல்ல. எங்க வார்டு மாடிப்படியில உக்காந்திருக்கான்.

— மாடிப்படியிலயா? அங்க என்ன பண்றான்?

— அழறான். அழுதுக்கிட்டே சிரிக்கறான். ‘நல்லவேளை, ஸ்டோர் சார் என் பெட்டிய வாங்கல, வாங்கியிருந்தா அதத்தானே போட்டிருப்பீங்க’ன்னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்கான்.

— காலையில வாங்கச் சொல்லிக் கெஞ்சினவன் இப்ப நல்லவேளைங்கறானா? அவனுக்கு என்ன அண்ணி வந்துச்சு?

— விடியக்காலையில எடுத்த வலி முத்திடுச்சுன்னு மருந்தோட வர்ற வழியில போன் வந்து, வீட்டு வாசல்ல வெயில்ல வண்டிய நிறுத்திட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்துக் கெடந்து, அது வராம, மாடியில இருந்து அவளத் தூக்கிக்கிட்டு எறங்கி, மருந்து வண்டி முன்சீட்டுல உக்கார வெச்சுக் கொண்டு வந்திருக்கான் தம்பி. மேல படுத்திருக்கறது அவன் பொண்டாட்டி.